எந்தக் கேள்விக்கு எடுத்த தண்ணீர்?

2002-ஆம் ஆண்டு ஆடி மாதம், ஒரு திங்கட்கிழமை. கோர்ட்டுக்குக் கிளம்பும் அவசரத்தில் இருந்தேன். வாசல் திண்ணையில் அறுபது வயது மதிக்கத்தக்க ஓர் அம்மா உட்கார்ந்திருந்தார். பக்கத்தில் ஒரு தகரப் பெட்டி. மடியில் மூடி இறுக்கிய ஒரு பிளாஸ்டிக் பாட்டில்.

“ஏனுங்க தம்பி, இந்தத் தண்ணியக் கொஞ்சம் வாயில வெச்சுப் பாருங்க.”

வைத்துப் பார்த்தேன். விழுங்க முடியவில்லை. உப்போடு ஒரு கசப்பும் நாக்கின் ஓரத்தில் தங்கிவிட்டது.

“இதுதானுங்க எங்க கெணறு. மாடு வாய் வெக்க மாட்டேங்குது. மஞ்சள் இலை நுனியெல்லாம் கருகுது. மேக்கால சாயப்பட்டறை வந்ததுல இருந்து இப்படித்தானுங்க.”

ஈரோடு மாவட்டத்தில் மூன்றரை ஏக்கர் நிலம், அறுபது அடி ஆழத் திறந்த கிணறு. மேற்கே அரை கிலோமீட்டருக்குள் ஒரு சாயப்பட்டறை. அதன் கழிவு ஒரு பள்ளத்தில் இறங்கி, இவருடைய காட்டை ஒட்டி ஓடியது. ஊரின் பெயரும் பட்டறையின் பெயரும் இங்கே வேண்டாம்.

சாயத் தொழிலின் சங்கடம் நிறத்தில் மட்டும் இல்லை. பருத்தி நூலில் சாயம் பிடிக்க, தொட்டியில் கிலோ கணக்கில் உப்பைக் கொட்டுகிறார்கள். சாதா உப்பு அல்லது சோடியம் சல்பேட். வேலை முடிந்ததும் அந்த உப்பு முழுவதும் கழிவு நீரோடு வெளியேறும். சுண்ணாம்பும் படிகாரமும் போட்டால் நிறம் குறையும், உப்பு குறையாது. கரைந்த உப்பைப் பிரிக்கச் சவ்வு வைத்த ஆர்.ஓ. சுத்திகரிப்பு வேண்டும். தமிழ்நாட்டில் வெளியேற்றும் கழிவு நீரில் கரைந்த உப்புகள் லிட்டருக்கு 2,100 மில்லிகிராமைத் தாண்டக் கூடாது என்பது விதி. நொய்யல் ஆற்றில் இந்த விதி என்ன பாடுபட்டது என்பதை ஒரத்துப்பாளையம் அணையைப் பார்த்தவர்கள் அறிவார்கள். பாசனத்துக்கென்று கட்டிய அணை, சாயக் கழிவின் தேக்கமாக ஆனது. 2011 ஜனவரியில் உயர் நீதிமன்றம் திருப்பூரின் சாய, சலவை ஆலைகளை மூடச் சொல்லும் வரை அது குறித்த வழக்குகள் இழுத்துக்கொண்டு போயின.

எங்களுடையது அவ்வளவு பெரிய வழக்கு இல்லை. ஒரு கிணறு, ஒரு பட்டறை. சார்பு நீதிமன்றத்தில் நிரந்தர உறுத்துக்கட்டளையும் நட்ட ஈடும் கேட்டு வழக்குரை தாக்கல் செய்தேன். தேசியப் பசுமைத் தீர்ப்பாயச் சட்டம் 2010-ல்தான் வந்தது. அதற்கு முன் இப்படிப்பட்டவர்களுக்குப் பக்கத்தில் இருந்த கதவு உரிமையியல் நீதிமன்றம்தான்.

கூடவே போட்ட இடைக்காலத் தடை மனு தள்ளுபடியாயிற்று. பட்டறைத் தரப்பு பன்னிரண்டு மாத ஆய்வு முடிவுகளைக் காட்டியது. மாதம் ஒரு முறை கழிவுக் குழாய் வாயிலில் எடுத்த சாம்பிள், பன்னிரண்டும் வரம்புக்குள். நீதிபதி கேட்டார்: “பன்னிரண்டும் சரியாக இருக்கும்போது நான் எந்த அடிப்படையில் தடை கொடுப்பது?” பதில் சொல்ல எனக்குத் தெரியவில்லை. இரவில் திறந்து விடுகிறார்கள் என்று அந்த அம்மா என்னிடம் சொல்லியிருந்தார். அதற்கு ஆவணம் இல்லை.

அன்று மாலைதான் என் நண்பர் ஒருவர் சொல்லி, ஓய்வுபெற்ற புள்ளியியல் பேராசிரியர் ஒருவரைப் பார்க்கப் போனேன். வேட்டியும் முண்டா பனியனுமாக இருந்தார். பன்னிரண்டு முடிவுகளையும் மேசைமேல் வரிசையாகப் பரப்பினார். நான் எதிர்பார்த்ததுபோல அவற்றைப் பொய் என்று அவர் சொல்லவில்லை.

“எல்லாம் உண்மையாவே இருக்கலாம் சார். இருபது நாளைக்கு ஒரு நாள் தப்பு நடக்குதுன்னு வெச்சுக்குங்க. கண்ணை மூடிக்கிட்டு ஒரு நாளைப் பொறுக்கினா, அது நல்ல நாளா இருக்கும் வாய்ப்பு நூத்துக்குத் தொண்ணூத்தஞ்சு. பன்னிரண்டு நாளும் நல்ல நாளாவே அமையறதுக்கு, தொண்ணூத்தஞ்சைப் பன்னிரண்டு தடவை பெருக்கணும்.”

துண்டுக் காகிதத்தில் பெருக்கினார். 54 சதவீதம் வந்தது. வருஷம் பதினெட்டு நாள் கழிவைத் திறந்து விடும் ஒரு பட்டறை, வருஷம் முழுக்கச் சுத்தமான ரிப்போர்ட் காட்டுவதற்குப் பாதிக்கு மேல் வாய்ப்பு இருக்கிறது. அதுவும் சாம்பிள் எடுக்கும் நாள் யாருக்கும் தெரியாமல் இருந்தால். இங்கே எடுத்தது பகலில், முன்கூட்டியே தெரிந்த தேதியில்.

அவர் சொன்ன இன்னொரு விஷயத்தை அன்று நான் முழுதாக வாங்கிக்கொள்ளவில்லை. “இந்தப் பன்னிரண்டு பாட்டிலும் ஒரு கேள்விக்கு எடுத்தது. உங்க கேள்வி வேற. உங்க கேள்விக்கு எடுத்த தண்ணி எங்கேயாவது இருக்கான்னு தேடுங்க.”

இருந்தது. அந்த அம்மாவின் தகரப் பெட்டிக்குள்ளேயே இருந்தது.

பத்திரம், பட்டா, சிட்டா என்று பெட்டியில் இருந்ததை எல்லாம் முன்பே பார்த்திருந்தேன். அடியில் ரப்பர் பேண்டு போட்டுக் கிடந்த கட்டை மட்டும் உரக் கடைச் சீட்டு என்று நினைத்து விட்டிருக்கிறேன். பேராசிரியர் வீட்டிலிருந்து வந்த பிறகு அதைப் பிரித்தேன். வேளாண்மைத் துறையின் மண் பரிசோதனை நிலையம் கொடுத்த பாசன நீர் ஆய்வு அட்டைகள். ஓரங்களில் மஞ்சள் கறை. ஒவ்வொன்றிலும் கார அமில நிலை, மின் கடத்துதிறன், கீழே நீரின் வகை. தண்ணீரில் உப்பு எவ்வளவு கூடுகிறதோ அவ்வளவுக்கு மின்சாரம் எளிதாகப் பாயும். கடத்துதிறன் என்ற அந்த ஓர் எண் போதும், உப்பு ஏறியதா இறங்கியதா என்று சொல்ல.

“எங்க ஊட்டுக்காரர் எடுத்ததுங்க. மஞ்சள் வெதைக்கு முந்தி, வருஷா வருஷம் சித்திரையில ஒரு புட்டி கொண்டுட்டுப் போவாரு. அவரு தவறிப்போன வருஷம் மட்டும் எடுக்கலீங்க. அப்புறம் நானே போனேனுங்க.”

1996 முதல் 2002 வரை ஆறு அட்டைகள். 2000-த்தில் மட்டும் இல்லை. வழக்கு நடந்த மூன்று ஆண்டுகளும் அவர் நிறுத்தவில்லை. சாட்சி விசாரணைக்கு வந்த 2005-ல் ஒன்பது அட்டைகள் இருந்தன. வாதி தரப்புச் சான்றாவணம் (வா.சா.ஆ.) 4 முதல் 12 வரை.

பேராசிரியர் அவற்றைக் கையில் வாங்கியபோது நான் எதிரில் இருந்தேன். எண்ணை அவர் முதலில் பார்க்கவில்லை. தேதிகளைப் பார்த்தார். ஒன்பதும் சித்திரை. “அந்த மனுஷன் புள்ளியியல் படிச்சவர் இல்லையே?” என்று கேட்டார். நாலாம் வகுப்பு என்றேன். மூக்குக் கண்ணாடியைக் கழற்றிவிட்டு வெகு நேரம் பேசாமல் இருந்தார்.

தண்ணீரின் தரம் பருவத்தோடு ஏறி இறங்கும். ஐப்பசி மழையில் இனிக்கும் கிணறு பங்குனியில் உப்புக் கரிக்கும். ஒரு வருஷத்துக் கார்த்திகைத் தண்ணீரையும் மறு வருஷத்துச் சித்திரைத் தண்ணீரையும் ஒப்பிட்டால் வானிலையைத்தான் அளக்கிறோம். அமெரிக்க நிலவியல் ஆய்வுத் துறையைச் சேர்ந்த ஹிர்ஷ், ஸ்லாக், ஸ்மித் என்ற மூவர் 1982-ல் ஒரு கட்டுரை எழுதினார்கள். நாடு நெடுகிலும் ஆறுகளில் மாதா மாதம் எடுத்த அளவுகளை என்ன செய்வது என்பது அவர்களுடைய கவலை. ஜனவரியை ஜனவரியோடு, ஏப்ரலை ஏப்ரலோடு மட்டும் ஒப்பிடு. எவ்வளவு கூடியது என்பதை விடு, கூடியதா குறைந்ததா என்பதை மட்டும் எண்ணு என்றார்கள். ஒரு மாத அளவு விடுபட்டாலும் அந்த முறை தடுமாறாது. ஒரே ஒரு தவறான பெரிய எண் புகுந்தாலும் முடிவைப் புரட்டிவிடாது. உலகம் முழுவதும் நீர்த் தரப் போக்கைக் கணிக்க இன்று அந்த முறை புழக்கத்தில் இருக்கிறது. மஞ்சளுக்குப் பயந்து சித்திரையில் புட்டி தூக்கிய மனிதர், தனக்குத் தெரியாமலே அதற்கு வேண்டிய ஒழுங்கைக் காத்துவிட்டுப் போயிருந்தார்.

அட்டையில் இருந்த இன்னொரு சங்கதியையும் பேராசிரியர்தான் காட்டினார். முதல் சில அட்டைகளில் நீரின் வகை ஒன்றுதான்: சி3. மின் கடத்துதிறன் 750-லிருந்து 2,250 மைக்ரோசீமன்ஸ் வரை எல்லாம் சி3. எண் வருஷா வருஷம் ஏறிக்கொண்டிருந்தது, வகை மாறவில்லை. சி4 என்று முதன்முதலாக அடித்த வருஷத்தில்தான் அந்த அம்மா பயந்திருக்கிறார். வகைப்படுத்துவது படிப்பவருக்கு வசதி. ஆனால் நகர்ந்துகொண்டிருக்கும் ஒன்றை நிற்பதுபோலக் காட்டிவிடும்.

அட்டைகள் கிணறு கெட்டதைச் சொல்லும். யாரால் கெட்டது என்று சொல்லாது. அதற்காக உரிமையியல் நடைமுறைச் சட்டம் கட்டளை 26 விதி 10-ஏ-யின்படி அறிவியல் ஆய்வுக்கு ஆணையர் கேட்டு மனுப் போட்டேன். ஆணையராக வந்தவர் ஓர் இளம் பெண் வழக்கறிஞர். எதைச் செய்வதற்கு முன்பும் இரு தரப்புக்கும் சொல்லி, எழுதி, கையெழுத்து வாங்கிய பிறகே செய்தார்.

2005 சித்திரையில் அந்த நாள். நல்ல வெயில். பட்டறைக்கு மேற்கே மேட்டில் ஒரு கிணறு, கிழக்கே எங்கள் கிணறு, அதற்கும் கீழே இன்னொன்று. மூன்றிலும் ஒரே முற்பகலில் தண்ணீர் எடுக்க வேண்டும். எதிர்த்தரப்பு வைத்திருந்த தனியார் ஆய்வு முடிவில் எங்கள் கிணற்று நீர் ஓரளவு நன்றாகவே இருந்தது. அந்தத் தேதி கார்த்திகை. மழை ஓய்ந்த மறு வாரம். வாளி விட்டு மேலாக மொண்ட தண்ணீர். மழைத் தண்ணீர் லேசானது, மேலே மிதக்கும். உப்புத் தண்ணீர் கனமானது, அடியில் கிடக்கும். பேராசிரியர் சொல்லிக் கொடுத்தபடி ஆணையர் ஒரு கண்ணாடிப் புட்டியின் அடியில் கல்லைக் கட்டினார். தக்கைக்குத் தனியாக ஒரு கயிறு. மூடிய புட்டியை வேண்டிய ஆழத்துக்கு இறக்கி, இரண்டாவது கயிற்றைச் சுண்டினார். தக்கை பிடுங்கிக்கொண்டது. மேலே குமிழிகள் வந்தன. எல்லோரும் கிணற்று மேட்டில் குனிந்து நின்று, குமிழி அடங்கும் வரை பார்த்துக்கொண்டிருந்தோம், பட்டறை மேனேஜர் உட்பட.

ஒவ்வொரு ஆழத்திலும் இரண்டு புட்டி. இரண்டுக்கும் வெவ்வேறு எண். எந்த இரண்டு ஜோடி என்பது ஆணையரின் குறிப்பேட்டில் மட்டும் இருந்தது, ஆய்வகத்துக்குத் தெரியாது. இதுவும் பேராசிரியரின் யோசனை. புள்ளியியலாளர் மகலநோபிஸ் வங்காளத்தில் சணல் விளைச்சலைக் கணக்கெடுத்தபோது ஒரே பரப்பை இரண்டு குழுக்களிடம் தனித்தனியாகக் கொடுத்து அளக்கச் செய்தாராம். இரண்டும் எவ்வளவு விலகுகின்றனவோ அதுதான் அளப்பவரின் பிழை. 1950-ல் தேசிய மாதிரிக் கணக்கெடுப்பு தொடங்கியபோதும் அந்தப் பழக்கம் தொடர்ந்தது. எங்கள் ஜோடிப் புட்டிகளின் முடிவுகள் கிட்டத்தட்ட ஒன்றாகவே வந்தன. மேட்டுக் கிணற்றுக்கும் எங்கள் கிணற்றுக்கும் இருந்த இடைவெளிக்கு முன்னால் அந்தச் சிறு வேறுபாடு ஒன்றுமே இல்லை. மேட்டுக் கிணறு நல்ல தண்ணீர்.

1974-ஆம் ஆண்டு தண்ணீர்ச் சட்டம் பிரிவு 21-இன்படி மாதிரி எடுக்கவில்லை, ஆகவே ஆணையர் அறிக்கை செல்லாது என்று ஆட்சேபித்தார்கள். அந்தப் பிரிவு கடுமையானது. அறிவிப்பு கொடுத்து, ஆலைக்காரர் முன்னிலையில் மாதிரியை இரண்டாகப் பிரித்து, முத்திரையிட்டு, இரு தரப்பும் கையொப்பமிட்டு அனுப்பாவிட்டால் ஆய்வு முடிவு சாட்சியமாகாது. ஆனால் அது மாசுக் கட்டுப்பாட்டு வாரியம் எடுக்கும் கழிவு நீர் மாதிரியைப் பற்றியது. ஆணையர் எடுத்தது நீதிமன்ற ஆணைப்படி கிணற்று நீர். ஆட்சேபணை நிற்கவில்லை.

பிறகு எதிர்த்தரப்பின் ஆலோசகர் கூண்டேறினார். அவருடைய அறிக்கை பிரதிவாதி தரப்புச் சான்றாவணம் (பி.வா.சா.ஆ.) 7. வழுவழுப்பான தாளில் அறுபது பக்கம், வண்ண வரைபடம். வட்டாரத்தில் அரசின் கண்காணிப்புக் கிணறுகள் பலவற்றின் புள்ளிவிவரத்தைத் திரட்டி, சராசரி எடுத்து, அது வரம்புக்குள் இருக்கிறது, ஆகவே நிலத்தடி நீர் கெடவில்லை என்று முடித்திருந்தார்.

முந்தின இரவு பேராசிரியர் எனக்குக் கரும்பலகை போட்டிருந்தார். பத்துக் கிணறு. ஒன்பதில் கரைந்த உப்பு 800 மில்லிகிராம், பத்தாவதில் 7,000. கூட்டினால் 14,200, சராசரி 1,420. குடிநீருக்கு மாற்று வழி இல்லாத இடத்தில் இந்தியத் தர நிறுவனம் விடும் உச்ச வரம்பு 2,000. சராசரி தேறிவிட்டது. பத்தாவது கிணற்றுக்காரர் எங்கே போவார்? அந்த 1,420 பத்துக் கிணற்றில் ஒன்றில்கூட இல்லாத தண்ணீர்.

கூண்டில் நான் அதைக் கேட்டேன். ஆலோசகர் நேர்மையாகவே பதில் சொன்னார். அதை இங்கே பதிவு செய்ய வேண்டும். ஆனால் வழக்கைத் திருப்பியது அந்தக் கேள்வி இல்லை.

“இந்தக் கண்காணிப்புக் கிணறுகளை அரசு எதற்காகத் தேர்ந்தெடுத்தது?”

“வட்டாரத்தின் நிலத்தடி நீர் பொதுவாக எப்படி இருக்கிறது என்று அறிவதற்காக.”

“ஆலைக்குப் பக்கத்திலுள்ள கிணறுகளாகப் பார்த்துத் தேர்ந்தெடுத்தார்களா?”

“இல்லை. ஆலையை ஒட்டிய கிணறு வட்டாரத்துக்குப் பிரதிநிதி ஆகாது என்பதால், அப்படித் தேர்ந்தெடுப்பதைப் பொதுவாகத் தவிர்ப்பார்கள்.”

நான் கேட்காமலே வந்த இரண்டாவது பாதி அது. நீதிபதி பேனாவை எடுத்து அந்த வாக்கியத்தை மறுபடி சொல்லச் சொல்லி எழுதிக்கொண்டார். பேராசிரியர் முதல் நாள் சொன்னது அப்போதுதான் எனக்கு முழுதாக விளங்கியது. அந்தக் கிணறுகளில் ஒரு பிழையும் இல்லை. அவை வேறொரு கேள்விக்கு எடுத்த தண்ணீர்.

உலோகங்களுக்கான அட்டவணையில் ‘கண்டறியும் எல்லைக்குக் கீழ்’ என்று வந்த இடங்களில் எல்லாம் பூஜ்யம் போட்டுச் சராசரி எடுத்திருந்தார் ஆலோசகர். எங்கள் வழக்கு உப்பைப் பற்றியது என்பதால் அதை நீட்டவில்லை. ஆனால் பேராசிரியர் சொன்ன உவமை மறக்கவில்லை. மஞ்சள் மண்டியில் மூட்டை நிறுக்கும் தராசில் ஒரு மூக்குத்தியை வைத்தால் முள் அசையாது. அதனால் மூக்குத்தியில் தங்கம் இல்லை என்று எழுதலாமா? எந்தத் தராசு என்று தெரியாமல் பூஜ்யத்துக்கு அர்த்தம் கிடையாது.

அந்த வழக்குக்குப் பிறகு நாட்டின் நீர்த் தர அறிக்கைகளைப் படிப்பது எனக்குப் பழக்கமாகிவிட்டது. 1976-ல் யமுனையில் 18 இடங்களில் தொடங்கிய கண்காணிப்பு இன்று ஆறு, ஏரி, நிலத்தடி நீர் எல்லாம் சேர்த்து நாலாயிரத்துக்கும் மேற்பட்ட இடங்களுக்கு விரிந்திருக்கிறது. இவ்வளவு பெரிய நாட்டில் இது சாதாரண உழைப்பு இல்லை. ஒரு மேஸ்திரிபோல அந்த எண்களின் மூலை முடுக்கைத் தட்டிப் பார்த்துத்தான் நான் படிக்கிறேன். நீரில் உயிர்வேதி ஆக்சிஜன் தேவை லிட்டருக்கு 3 மில்லிகிராமைத் தாண்டினால் அந்த ஆற்றுப் பகுதி மாசுபட்டது என்று மத்திய மாசுக் கட்டுப்பாட்டு வாரியம் கணக்கில் எடுக்கிறது. 2009-ல் 150 பகுதிகள். 2015-ல் 302. 2018-ல் 351. 2022-ல் 311. ஆறு வருஷத்தில் நாட்டின் ஆறுகள் இரண்டு மடங்கு கெட்டுவிட்டன என்று மேடையில் பேசியவர்கள் உண்டு. அந்த இடைவெளியில் சாம்பிள் எடுக்கும் இடங்களும் பெருகின. விளக்கைக் கூட்டினால் முன்பு தெரியாத அழுக்கும் தெரியும். எவ்வளவு பங்கு அழுக்கு, எவ்வளவு பங்கு விளக்கு என்று பிரிக்க வேண்டுமானால், இரண்டு காலத்திலும் இருந்த அதே இடங்களை மட்டும் தனியே எடுத்து, அதே மாதத்தோடு ஒப்பிட வேண்டும். 351-லிருந்து 311 ஆனதைப் படிக்கும்போதும் இதே கேள்வியை நான் கேட்பேன். நல்ல செய்திக்குச் சலுகை கிடையாது.

மறுபடி வழக்குக்கு வருகிறேன். பேராசிரியர் சாட்சி சொன்ன நாள். வாதி தரப்பின் மூன்றாம் சாட்சியாகக் கூண்டில் நின்றார். சூத்திரம் எதையும் சொல்லவில்லை. ஒன்பது அட்டைகளையும் நீதிபதியின் மேசையில் வருஷ வரிசையில் அடுக்க அனுமதி கேட்டார்.

“ஒன்பது அட்டையில் இரண்டிரண்டாக எடுத்தால் முப்பத்தாறு ஜோடி வரும். ஒவ்வொரு ஜோடியிலும் பிந்தைய வருஷத்தில் எண் கூடியிருக்கிறதா, குறைந்திருக்கிறதா என்று மட்டும் பார்த்தால் போதும்.”

நீதிபதி பென்சிலை எடுத்தார். தானே எண்ணினார். கூடினால் ஒரு கோடு, குறைந்தால் ஒரு புள்ளி. கோர்ட் ஹால் அமைதியாக இருந்தது; பெஞ்ச் கிளார்க்கும் எழுந்து நின்று பார்த்தார். முப்பத்து மூன்று கோடு, மூன்று புள்ளி.

“போக்கு எதுவும் இல்லாமல், தற்செயலாக ஏறி இறங்கும் கிணறு என்றால் இது எப்படி அமையும்?” என்று கேட்டேன்.

“ஒன்பது அட்டைகளை 3,62,880 விதமாக வரிசைப்படுத்தலாம். அவற்றில் முப்பத்து மூன்றோ அதற்கு மேலோ ஏறுமுகமாக வருவது 155 விதம் மட்டும்.”

அப்போது நான் ஒரு தவறு செய்தேன். வெற்றி கைக்கெட்டும் தூரத்தில் தெரிந்த ஆசையில், “அப்படியானால் இந்தக் கிணறு கெட்டதற்குப் பிரதிவாதியின் பட்டறைதான் காரணம் என்பது நூற்றுக்குத் தொண்ணூற்றொன்பதுக்கு மேல் உறுதி என்று சொல்லலாம், அல்லவா?” என்றேன்.

“சொல்லக் கூடாது,” என்றார் என் சாட்சி. “நான் சொன்னது, உப்பு ஏறியது தற்செயல் இல்லை என்பதை. யார் ஏற்றியது என்பது இந்த அட்டைகளில் இல்லை.”

எதிர்த்தரப்பு வக்கீல் உடனே எழுந்தார். 2002 முதல் கடுமையான வறட்சி. தண்ணீர் மட்டம் இறங்கினால் உப்புச் செறியும். உங்கள் ஏறுமுகம் அதனால்தானே? பேராசிரியர் மறுக்கவில்லை. வறட்சி ஆண்டுகளின் அட்டைகளை ஒதுக்கிவிடலாம் என்றார். 2001 வரை ஐந்து அட்டைகள், பத்து ஜோடி, ஒன்பது ஏறுமுகம். “ஐந்து அட்டைக்கு 120 வரிசை. அதில் ஒன்பதோ அதற்கு மேலோ ஏறுமுகமாக வருவது ஐந்து வரிசைதான். ஒன்பது அட்டை சொன்ன அளவுக்கு இது பலமில்லை. திசை மட்டும் அதே திசை.” பிறகு ஆணையர் அறிக்கையைக் காட்டினார். வறட்சி மேட்டுக் கிணற்றுக்கும் பொதுவானது. அது ஏன் கரிக்கவில்லை? மேட்டுக் கிணற்றுக்குப் பழைய அட்டை கிடையாது, ஒரு நாள் அளவுதான் இருக்கிறது என்பதையும் அவரே சொன்னார். என் வயிறு கலங்கியது. இப்போது யோசித்தால், நீதிபதி அவர் சொன்ன மற்ற எல்லாவற்றையும் நம்பியதற்கு அந்த ஒரு வாக்கியமும் காரணம் என்று நினைக்கிறேன்.

வருஷத்துக்கு எவ்வளவு ஏறியது என்று நீதிபதி கேட்டதற்கு, ஒவ்வொரு ஜோடிக்கும் ஆண்டு ஏற்றத்தைக் கணக்கிட்டு, முப்பத்தாறையும் வரிசையாக அடுக்கி, நடுவில் வருவதை எடுத்துக் கொடுத்தார். கல்கத்தாவில் படித்த பிரணாப் குமார் சென் 1968-ல் விரிவாக எழுதிய வழி அது. அவர் பெயரிலேயே உலகெங்கும் வழங்குகிறது.

வாதத்தில் நான் 1996-ஆம் ஆண்டு வேலூர் தோல் பதனிடும் ஆலைகள் வழக்கின் உச்ச நீதிமன்றத் தீர்ப்பைக் காட்டினேன். மாசுபடுத்தியவரே ஈடு கொடுக்க வேண்டும் என்பதற்காக எல்லோரும் அதை மேற்கோள் காட்டுவார்கள். நான் காட்டியது இன்னோர் இடம். திண்டுக்கல் பக்கம் 13 கிராமங்களில் குடிக்கவும் பாய்ச்சவும் இருந்த 467 கிணறுகளில் 350 கெட்டுப்போயின என்ற கணக்கெடுப்பு அந்தத் தீர்ப்பில் இருக்கிறது. சராசரி உப்பு எவ்வளவு என்று அங்கே பேசவில்லை. கிணறு கிணறாக எண்ணியிருக்கிறார்கள்.

2005 டிசம்பரில் தீர்ப்பு. பள்ளத்தில் கழிவு விடக் கூடாது என்று நிரந்தர உறுத்துக்கட்டளை. வழக்குக்கு முந்தைய மூன்று ஆண்டுகளும் வழக்கு நடந்த காலமும் சேர்த்து மஞ்சள் விளைச்சலுக்கு நட்ட ஈடு. தென்னை மரங்களுக்குக் கேட்டது கிடைக்கவில்லை. காய்ப்பு எவ்வளவு குறைந்தது என்று யாரும் எண்ணி வைக்கவில்லை. பி.வா.சா.ஆ. 7-ஐப் பற்றித் தீர்ப்பில் ஒரே பத்தி: வட்டாரத்தின் நிலையை அறியத் திரட்டியது; தாவாவிலுள்ள கிணற்றுக்குப் பொருந்தாது.

அந்த ஐப்பசி, கார்த்திகையில் தமிழ்நாடு முழுக்க அடைமழை. காவிரியில் வெள்ளம். எங்கள் அம்மாவின் கிணறு கைக்கெட்டும் அளவுக்கு ஏறியதாகச் சொன்னார்.

2006 சித்திரை கழிந்து ஒரு நாள் அதே திண்ணையில் வந்து உட்கார்ந்தார். பத்தாவது அட்டை. பத்தாவது வந்தால் இன்னும் ஒன்பது ஜோடி சேரும். இருவரும் சேர்ந்து எண்ணினோம். கடைசி இரண்டு வருஷங்களைவிடக் குறைவு, மற்ற ஏழைவிட இன்னும் கூடுதல்.

“கொறைஞ்சிருக்குதுங்க அம்மா” என்றேன்.

“கொறைஞ்சது மழையாலயா, அவிய தண்ணி உடாததாலயாங்க தம்பி?”

இது ஒரு அட்டையால் சொல்ல முடியாதது, மேட்டுக் கிணற்றையும் பார்க்க வேண்டும் என்று தொடங்கினேன். அவர் முந்தானை முடிச்சை அவிழ்த்தார். மடித்த இன்னோர் அட்டை. அதே தேதி, அதே ஆய்வு நிலையம்.

“மேட்டுக் கெணத்துக்காரரு கிட்டக் கேட்டு அதுலயும் ஒரு புட்டி எடுத்துட்டுப் போனேனுங்க.”